விற்ற பிறகும் என் வண்டியா?

தில்லியில் குடும்பம் நடத்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது பழைய கார் வாங்கியிருப்போம், அல்லது விற்றிருப்போம். மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் பிரிட்ஜ், கட்டில், கூலர் எல்லாம் அக்கம்பக்கத்தில் கைமாறுவது போலத்தான் காரும். கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையிலோ, சங்கத்து நூலகத்திலோ, "கார் குடுக்கலாம்னு இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தால் போதும். விளம்பரம் வேண்டாம், தரகர் வேண்டாம், மறு ஞாயிற்றுக்கிழமையே வாசலில் ஆள் நிற்கும்.

2017-ஆம் ஆண்டு மே மாதம் நானும் அப்படித்தான் விற்றேன். பையன் புது வண்டி எடுத்திருந்தான். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். என்னுடையது 2008-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் ஒருவனே ஓட்டியது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கேட்டேன்.

வந்தவர் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இளைஞர். ஓக்லாவில் தனியார் கம்பெனியில் வேலை, முனிர்காவில் வாடகை வீடு. முதல் நாள் நன்றாகப் பேரம் பேசினார். "ஒண்ணு அஞ்சுக்கு முடிச்சுக்குங்க சார். ஒம்பது வருஷ வண்டி சார்" என்றார். தில்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம்தான் என்பதால் இன்னும் ஆறு வருஷம்தான் ஓட்ட முடியும் என்று கணக்கும் சொன்னார். கணக்கு சரிதான். நான் பிடிகொடுக்கவில்லை. அப்போதுதான் என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்து, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள். கோவில்பட்டி என்றார். அவளுக்குச் சங்கரன்கோவில். அவ்வளவுதான், அரை மணி நேரம் காரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அடுத்த வாரம் மனைவியையும் அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறாவது மாதம். ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான் வண்டியே வாங்குகிறார்கள். இந்தத் தடவை நான் "அண்ணாச்சி" ஆகிவிட்டேன், என் மனைவி "மதினி". பேரமும் நின்றுவிட்டது. நானாக ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றேன். மறுபேச்சு இல்லாமல் சரி என்றார். காலை ஏழு மணிக்கு அக்ஷர்தாம் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் சொன்னார்:

"அண்ணாச்சி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வரலாம்னுதான் நெனச்சேன். நீங்க இருக்கும்போது எதுக்குன்னு விட்டுட்டேன். எதுவும் குறை இருந்தா சொல்லிருங்க."

"நல்லா மெயின்டெயின் பண்ணின வண்டி, தம்பி" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு சர்வீஸ்கூடத் தவறியதில்லை. ஆனால் ஏப்ரலில் மதுராவிலிருந்து திரும்பும்போது பல்வல் அருகே வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஒரு மணி நேரம் ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் திரிலோக்புரி மிஸ்திரி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். அடியில் பால் கலந்த டீ நிறத்தில் ஏடு படிந்திருந்தது. "ஹெட் கேஸ்கெட் ஜா ரஹா ஹை சாப்" என்றார். கேஸ்கெட் போனால் கூலன்ட் எஞ்ஜினுக்குள் கசியும், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே ரேடியேட்டரில் அளவு குறையும், ஆயிலோடு கலந்தால் இப்படி ஏடு கட்டும். பன்னிரண்டு, பதினைந்தாயிரம் ஆகும் என்றார். விற்கப்போகிற வண்டிக்கு எதற்குச் செலவு என்று விட்டுவிட்டேன். ஊருக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வாரம் ஒரு முறை கூலன்ட் ஊற்றிக்கொண்டேன். குளிர்காலத்தில் வெறும் ஈரத்தாலும் மூடியில் அப்படி ஏடு படிவதுண்டு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அது ஏப்ரல் மாதம் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

விற்ற பத்தொன்பதாம் நாள், ஜூன் மாத வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, தௌலா குவான் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி. ஆட்டோ கிடைக்க நாற்பது நிமிஷம் ஆயிற்றாம். நல்லவேளையாக வேறொன்றும் நேரவில்லை.

அன்று மாலை கோவில்பட்டியிலிருந்து பையனின் தகப்பனார் பேசினார். கோபமே இல்லை. "ஐயா, பையன் உங்கள நம்பித்தான் வாங்கினான்" என்று மட்டும் சொன்னார். "பழைய வண்டின்னா முன்னப் பின்னத்தான் இருக்கும். ஓட்டிப் பாத்துத்தானே வாங்கினாரு?" என்றேன் நான். மறுநாள் பையனின் மைத்துனர் பேசினார். அவர் குரல் வேறு மாதிரி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், 420 போடுவேன் என்றார். போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: "பல்வல்ல நின்னத அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?" பதில் சொல்லாமல் வெளியே கிளம்பினேன்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். தஞ்சாவூர்க்காரர். நாற்பது வருஷம் தில்லி கோர்ட்டுகளில் நின்றவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், பல்வலைத் தவிர. (டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக்கூடாது என்பார்கள். எனக்கு அன்று அந்தப் புத்தி இல்லை.)

அவர் முதலில் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு. பொருளின் தரத்துக்கோ, அது வேலைக்கு உதவும் என்பதற்கோ விற்பவர் தாமாகவே உத்தரவாதம் கொடுத்ததாகச் சட்டம் கருதாது. வாங்குபவர்தான் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் முக்கியமானவை அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கு. பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் வண்டி விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சொந்த உபயோக வண்டியை ஒரு தடவை விற்கும் என்னைப் போன்றவரிடம் அப்படிக் கேட்க முடியாது. நுகர்வோர் சட்டமும் அப்படியே. அன்றிருந்த 1986 சட்டமானாலும், 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019 சட்டமானாலும், வியாபாரம் செய்பவரிடமோ சேவை தருபவரிடமோ வாங்கியவருக்காக ஏற்பட்டது. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்ற பழைய காருக்குப் போக வேண்டிய இடம் சிவில் கோர்ட்.

"அப்ப எனக்குப் பொறுப்பில்லைன்னு சொல்லுங்கோ" என்றேன்.

"ஒண்ணுக்கு எப்பவும் பொறுப்பு உண்டு. வண்டி உங்களுதா, அது மேல பாங்க் கடன் எதுவும் நிக்கலையான்னு பாக்கணும்" என்றார். அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு. விற்க எனக்கு உரிமை உண்டு, வாங்குபவருக்குத் தெரியாத அடமானம் எதுவும் இல்லை என்பது, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, நான் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே ஆகும். கடனை அடைத்துவிட்டேன் என்பதோடு சிலர் நின்றுவிடுகிறார்கள். பாங்கிலிருந்து 35-ஆம் படிவமும் தடையில்லாச் சான்றும் வாங்கி ஆர்.சி.யில் அந்தக் குறிப்பை நீக்கினால்தான் வண்டி சுத்தம். என் ஆர்.சி. சுத்தமாக இருந்தது. நிம்மதியாக எழுந்திருக்கப் போனேன்.

"கொஞ்சம் உக்காருங்கோ" என்று இன்னொரு புத்தகத்தை எடுத்தார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 17-ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. அந்தக் காலத்தில் கார் ஏது? அதனால் குதிரையை உதாரணம் வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறை அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. வெறும் மௌனம் குற்றமில்லை. ஆனால் வாங்குவது அவருடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அந்த உறவினாலேயே குறையைச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. மூன்றாவதாக, வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது.

வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பையன் உங்களைக் கேட்டானோ?" என்றார்.

கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். பிறகு பல்வலையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வக்கீலாகவே பேசினார். எனக்கும் ஒரு கட்சி உண்டாம். 19-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. மௌனத்தால் ஏமாந்தேன் என்பவர், சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது. ஒரு மெக்கானிக் வந்து மூடியைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்குமே என்று நான் வாதாடலாம். "மெக்கானிக்கக் கூட்டிண்டு வர நெனச்சேன், உங்களை நம்பித்தான் விட்டேன்னு அவன் சொல்லியிருக்கான். அது அவன் கட்சி. கோர்ட் எந்தப் பக்கம் சாயும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க கூண்டுல ஏறி, 'எனக்குக் குறை தெரியாது'ன்னு சத்தியம் பண்ணுவேளா? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

420-ஐப் பற்றியும் கேட்டேன். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும், அது சுலபமில்லை என்றார். ஆனால் நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருப்பதையும் சொன்னார். (ஊர் அறிந்த அந்த 420 இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு.)

கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் என்னை உண்மையிலேயே தூக்கம் கெடுத்தது. "பேரு மாத்தியாச்சா?"

மாற்றவில்லை. 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பையன் இன்றைக்கு, நாளைக்கு என்றிருந்தார். சண்டை வந்த பிறகு, "ரிப்பேர் விஷயம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மைத்துனர் சொல்லிவிட்டார். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 50-ஆவது பிரிவு: வண்டி அதே மாநிலத்தில் பதிவானது என்றால், விற்ற 14 நாளுக்குள் விற்றவரே போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வெளி மாநிலப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றோடு 45 நாள். வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் விடுவது நம் கடமையைத்தான் விடுவது. ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நான்தான் உரிமையாளர். ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் என் பெயர்தான் வரும். இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் மாறவில்லை, 2009-இல் விபத்தில் ஓர் உயிர் போனது. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற முதல் ஆள்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

ஆக, எஞ்ஜினைப் பற்றிச் சட்டம் என்னை அதிகம் கேட்கவில்லை. காகிதத்தைப் பற்றித்தான் கறாராகக் கேட்கிறது. நாமோ விற்கும்போது எஞ்ஜினைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறோம், காகிதத்தை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு வருகிறோம்.

மறுநாளே 29-ஆம் படிவத்தை நிரப்பி, தாமதத்துக்கு ஒரு விளக்கமும் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அலுவலகத்துக்கு அனுப்பினேன், பையனுக்கும் ஒரு நகல். இன்று இதையெல்லாம் பரிவாஹன் இணையதளத்தில் தொடங்கலாம். வியாபாரிக்கு விற்பவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து அதை முறைப்படி அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அது விலைபோகும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் சார் சொல்லித்தந்த இன்னொன்று, ஒப்படைக்கும்போது ஒரு ரசீது. தேதி, மணி, கிலோமீட்டர், இந்த நேரத்திலிருந்து சலானும் விபத்தும் வாங்கியவர் பொறுப்பு என்ற வரி, இருவர் கையெழுத்து. இது பலரும் எழுதுவதுதான். அதிலேயே வண்டியின் குறைகளையும் எழுதிவிடச் சொன்னார். "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று மொத்தமாக எழுதுவது மறைத்த குறைக்குக் கேடயம் ஆகாது, தெரிந்த குறையை எழுதுவதுதான் கேடயம் என்பார். 2021-இல் என் ஸ்கூட்டரை விற்றபோது அப்படியே செய்தேன். பின் பிரேக் கட்டை தேய்ந்தது, பேட்டரி நாலு வருஷம் பழசு, குளிர்காலத்தில் உதைத்துத்தான் ஸ்டார்ட் ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய சர்தார்ஜி படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாயிரம் குறைத்தார். அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

காப்பீட்டையும் சொல்ல வேண்டும். வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆனாலும் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி அவர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது சிக்கல்தான். அந்த ஜூனில் முனிர்காவுக்காரரின் வண்டியில் என் பெயரில் ஆர்.சி., என் பெயரில் பாலிசி. ஓட்டுவது மட்டும் அவர்.

ரிப்பேர் பில் 14,200 ரூபாய் என்று தெரிந்தது. கேஸ்கெட் செட், லேத் பட்டறையில் ஹெட்டைச் சமப்படுத்திய கூலி, ஆயில், கூலன்ட், மிஸ்திரி கூலி. பாதி கொடுத்தால் போதுமா என்று வக்கீல் சாரைக் கேட்டேன். "சட்டமா கேக்கறேளா?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "ஏப்ரல்ல நீங்க குடுத்திருக்க வேண்டியதுதானே அது" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை முனிர்காவுக்குப் போனோம். மாடிப்படி செங்குத்து. அந்தப் பெண் தினமும் எப்படி ஏறுகிறாள் என்று என் மனைவி வழியெல்லாம் முணுமுணுத்தாள். பணத்தைக் கொடுத்து, ஏப்ரலில் மிஸ்திரி சொன்னதையும் நானே சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான், "அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெரியும் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

மறுவாரம் நானும் அவருமாகப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். ஆபீஸைப் பற்றி, ஊர் மழையைப் பற்றி மரியாதையாகப் பேசினார். காகிதங்களை ஒப்படைத்து முத்திரை வாங்கியதும், "அப்ப நான் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அதுவும் "சார்" என்றுதான் தொடங்கியது. என் மனைவிக்கு அந்தப் பெண் தனியாகப் போன் செய்திருந்தாள். அவளுக்கு இவள் இன்னும் மதினிதான்.